உதட்டில் ஃபில்லர் போட்டு இரண்டு வருடம் கழித்துக் கட்டி வருமா?

வரும். ஃபில்லர் என்பது உதட்டை உப்பலாக்க ஊசியால் ஏற்றும் மருந்து. அது ஆறு மாதத்தில் கரைந்துவிடும் என்று கொழும்பில் போட்டவர்கள் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். வருடக்கணக்காக முகத்தில் தங்கியிருப்பது எம்.ஆர்.ஐ. ஸ்கான்களில் தெரிந்திருக்கிறது.

கிளிநொச்சியில் பல்லுப் பிடுங்கிய பிறகுதான் கீழுதட்டில் பயறளவு கட்டி தட்டுப்பட்டது என்கிறீர்கள். அந்தப் பல் சிகிச்சைதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். பல் தொற்று, பல் சிகிச்சை, கடும் காய்ச்சல் இவற்றுக்குப் பிறகு, சும்மா கிடந்த ஃபில்லரைச் சுற்றி அழற்சி கிளம்பலாம்.

கையை நன்றாகக் கழுவிவிட்டு உதட்டை உள்ளும் புறமும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சூடு, சிவப்பு, நோவு இருந்தால் தொற்றாக இருக்கலாம். அமுக்கித் தேய்க்கவே வேண்டாம்.

அப்புறம், போட்ட இடத்துக்கு இன்றைக்கே போன் எடுத்து மருந்தின் பெயரையும் தொகுதி எண்ணையும் கேளுங்கள். இதுதான் முக்கியம். ஹையலூரோனிக் அமிலம் என்றால் ஹையலூரோனிடேஸ் ஊசியால் கரைக்கலாம். சிலிக்கோன் என்றால் அந்த ஊசி வேலை செய்யாது. தேனீ, குளவி கொட்டி உங்களுக்கு ஒவ்வாமை வந்திருந்தால் இந்த ஊசியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

தொட்டுப் பார்த்து மட்டும் முடிவுகட்ட முடியாது. தோல் வைத்தியரிடம் காட்டுங்கள், சதைத்துண்டு எடுத்துச் சோதிக்கவும் சொல்லலாம். தொற்று இல்லை என்று தெரியும்வரை ஸ்டீரோய்ட் ஊசிக்குச் சம்மதிக்காதீர்கள். காய்ச்சலோ சீழோ வந்தால் யாழ்ப்பாணம் போகும் நாளுக்குக் காத்திராமல் கிளிநொச்சி வைத்தியசாலைக்கே உடனே போங்கள்.