அடிமண்ணை வளப்படுத்த ஆழவேர்ப் பயிர்கள் உதவுமா?

ஆண்டுதோறும் எருவும் பசுந்தாள் உரமும் இட்டும் ஓர் அடிக்குக் கீழே மண் இறுகியே கிடக்கிறது, ஆழமாக வேர்விடும் பயிர்களால் அதை மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் 45 நாளில் பூவெடுத்ததும் மடக்கி உழுதுவிடும் சணப்போ தக்கைப்பூண்டோ அந்த வேலையைச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். அவற்றின் பலன் பெரும்பாலும் மேல்மண்ணோடு நின்றுவிடுகிறது. அடிமண்ணுக்குத் தேவை, மாதக்கணக்கில் நிலத்தில் நின்று வேரைக் கீழே இறக்கும் பயிர்.

எங்களுடையது திண்டுக்கல் மாவட்டத்துச் செம்மண் மானாவாரி நிலம். ஆடிப் பட்டத்தில் ஆறு வரிசை நிலக்கடலைக்கு ஒரு வரிசை துவரை என்று விதைக்கிறோம். தொடக்கத்தில் துவரை மேலே மெதுவாகத்தான் வளரும் என்பதால் கடலைக்கு இடைஞ்சல் இல்லை. கடலை பிடுங்கிய பிறகு தை வரை அது தனியே நின்று, மழை நின்றுபோன நாட்களில் ஆழத்து ஈரத்தைத் தேடி இறங்குகிறது.

மூன்றாம் ஆண்டு ஐப்பசியில், நல்ல மழை பெய்து மூன்று நாள் கழித்து, முந்தைய ஆண்டுத் துவரை வரிசை இருந்த இடத்தில் இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டிப் பார்த்தேன். டிராக்டர் கலப்பை ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் ஓடியதால் உண்டான கெட்டிப் படலம் அப்படியே இருந்தது. ஆனால் அதைத் துளைத்துக்கொண்டு சுண்டுவிரல் பருமனில் ஒரு துளை செங்குத்தாக இறங்கியிருந்தது. வேர் மக்கிப்போய்ப் பட்டை மட்டும் உறைபோல ஒட்டியிருக்க, உள்ளே மண்புழுக் கழிவு கருமையாகப் படிந்திருந்தது. அந்த ஆண்டு விதைத்திருந்த சோளத்தின் வெள்ளை வேர்கள் நான்கைந்து, சுற்றிலும் உள்ள கெட்டி மண்ணைத் தொடாமல், அந்தத் துளைக்குள் கொத்தாக இறங்கிக்கொண்டிருந்தன. வேர் போட்ட வழி என்பது இதுதான். நீரும் காற்றும் அடுத்த பயிரும் அதன் வழியாகத்தான் கீழே போகின்றன.

ஆகவே அறுவடைக்குப் பின் துவரைத் தூரைப் பிடுங்காதீர்கள். முதல் ஆண்டு விறகுக்காகத் தூரோடு பிடுங்கவிட்டு, உருவாகிவந்த வழியை நாங்களே கலைத்துவிட்டோம். இப்போது தரையோடு ஒட்ட அறுத்து, மாரை (காய்ந்த தண்டை) மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

சத்தைப் பொறுத்தவரை, மழையில் கரைந்து மற்ற பயிர்களுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்ட தழைச்சத்தை (நைட்ரஜனை) துவரை எடுத்து, உதிரும் இலையாக மேல்மண்ணுக்கே திருப்பித் தருகிறது. செம்மண்ணில் இன்னொரு நன்மையும் உண்டு. அங்கே மணிச்சத்தின் (பாஸ்பரஸின்) பெரும்பகுதி இரும்போடு பிணைந்து பயிருக்குக் கிடைக்காமல் இருக்கும். துவரை வேரிலிருந்து கசியும் பிசிடிக் அமிலம் இரும்பைப் பற்றிக்கொண்டு அந்த மணிச்சத்தை விடுவிக்கிறது என்பதை, ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்த ஆய்வு 1990-இல் எடுத்துக்காட்டியது. கரிசலில் மணிச்சத்து பெரும்பாலும் சுண்ணாம்போடு பிணைந்திருப்பதால் அதே பலனை அங்கே எதிர்பார்க்க முடியாது. அடிமண்ணில் இல்லாத சத்தை எந்த வேரும் உண்டாக்கிவிடாது என்பதால் எருவை நிறுத்திவிடவும் கூடாது.

கடப்பாரையே இறங்காத அளவுக்குப் படலம் இறுகியிருந்தால் வேர் பக்கவாட்டில் திரும்பிவிடும். அப்படிப்பட்ட நிலத்தில் கோடையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, ஒன்றரை அடி இடைவெளியில் மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் உளிக்கலப்பையை ஒருமுறை ஓட்டிவிட்டு, அந்த ஆடியிலேயே துவரையை விதைத்துவிடுங்கள். வேர் இறங்காமல் விட்டால் கலப்பை போட்ட பிளவு சில மழையிலேயே மூடிக்கொள்ளும். சோடியம் மிகுந்த களர் நிலமாக இருந்தால் முதலில் ஜிப்சமும் வடிகாலும் வேண்டும். நீர் தேங்கும் இடத்தில் துவரை அழுகிவிடும்.

ஆழத்து ஈரத்தைத் துவரை உறிஞ்சிவிடுவதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை குறைந்துபோன ஆண்டுக்கு அடுத்து, அந்த நிலத்தில் நான் சோளம் வைப்பதில்லை. மேல்மண் ஈரத்திலேயே விளைந்துவிடும் சாமையைத்தான் விதைக்கிறேன்.