மகனின் லக்ராஸுக்காகத் தனியார் பள்ளிக்கு மாற்ற வேண்டுமா? பொதுப்பள்ளியும் கிளப்பும் போதாதா?

மேரிலண்ட், ஹோவர்ட் கவுண்டி, பையன் ஆறாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்களும் இதே கவுண்டிதான். என் மகள் பொதுப்பள்ளியில் படித்துக்கொண்டே, பள்ளிக்கு வெளியே பணம் கட்டி ஆடும் கிளப் அணியிலும் ஆடியவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து எறியும் இந்த லக்ராஸை மட்டும் காரணமாக வைத்துப் பள்ளியை மாற்றாதீர்கள்.

தனியார் பள்ளி என்றாலே ஆட்டம் உசத்தி என்பது பால்டிமோர் பக்கத்துக் கணக்கு. இங்கே அது உண்மையும்கூட. கில்மன், பாய்ஸ் லேட்டின், கால்வர்ட் ஹால், மெக்டோனோ எல்லாம் மோதும் எம்ஐஏஏ (தனியார் பள்ளிப் பையன்களின் லீக்), நாட்டிலேயே மிகக் கடினமான பள்ளி லீகுகளில் ஒன்று. மெக்டோனோவின் பெண்கள் அணி 2009இல் தொடங்கி 2018 வரை 198 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக ஜெயித்தது.

நியூயார்க் நகரத்தை ஒட்டிய லாங் ஐலண்டில் கதை வேறு. அங்கே கொடிகட்டிப் பறக்கும் வார்ட் மெல்வில், கார்டன் சிட்டி, மன்ஹாசெட் மூன்றுமே பொதுப்பள்ளிகள். நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, புகழ்பெற்ற லக்ராஸ் வீரர்களான பவல் சகோதரர்கள் கார்த்தேஜ் என்ற சின்ன ஊரின் பொதுப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். ஒனொண்டாகா பழங்குடியைச் சேர்ந்த லைல், மைல்ஸ் தாம்ப்சன் சகோதரர்களும் பொதுப்பள்ளிதான். கல்லூரி லக்ராஸின் உச்ச விருதான டெவாரட்டனை 2014இல் இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். அவர்கள் சமூகத்தின் ஆட்டம் இது, பிறந்ததிலிருந்தே ஸ்டிக் கையில் இருக்கும். எந்தப் பள்ளியும் அதற்குப் பெயர் வாங்க முடியாது.

பொதுப்பள்ளி என்றால் இலவசம் என்றும் நினைத்துவிட வேண்டாம். மன்ஹாசெட் பள்ளியில் சேர அந்த எல்லைக்குள் வீடு வேண்டும். அங்கே வீட்டு விலையையும் சொத்து வரியையும் பார்த்தால் தனியார் பள்ளி ஃபீஸே தேவலை என்று தோன்றும். அமெரிக்கக் கால்பந்திலும் லக்ராஸிலும் ஜாம்பவானான ஜிம் பிரவுன் அந்தப் பள்ளியில் படித்த காலத்தில் அவருடைய அம்மா வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். இன்று அப்படி ஒரு பையன் அங்கே நுழைவது எத்தனை கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே தனியார் பள்ளிக்கு இருக்கும் நிஜமான அனுகூலம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில்தான். அவர்களுக்கு நடுநிலைப் பள்ளியிலேயே அணி உண்டு, மைதானம் உண்டு, தினசரிப் பயிற்சி உண்டு. நம் பொதுப்பள்ளிகளில் பள்ளி அணி ஒன்பதாம் வகுப்பில்தான் ஆரம்பம். அதுவரை ரெக் லீக் எனப்படும் ஊர்ப் பொழுதுபோக்கு லீக், யாரோ ஒரு அப்பா கோச். அந்த அப்பா நல்லவராக அமைந்தால் அதிர்ஷ்டம்.

இந்த இடைவெளியில்தான் கிளப்புகள் புகுந்துகொண்டன. அவற்றின் செல்வாக்குக்கு இன்னொரு காரணம் காலண்டர். பள்ளி லக்ராஸும் கல்லூரி லக்ராஸும் ஒரே வசந்த காலத்தில் நடக்கின்றன. கல்லூரிக் கோச் தன் அணியை விட்டுவிட்டு உங்கள் பையனின் பள்ளி ஆட்டத்துக்கு அடிக்கடி வர முடியாது. மே கடைசியில் அவருடைய சீசன் முடிந்தபின், ஜூன், ஜூலையில் கிளப் டோர்னமென்டுகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்துவிடுவார். ஆக, கல்லூரிக்காரர்கள் கண்ணில் படுவதற்குப் பள்ளியைவிடக் கிளப்தான் முக்கியம். தனியார் பள்ளிப் பிள்ளைகளும் கிளப்புக்குப் பணம் கட்டித்தான் ஆடுகிறார்கள்.

ஆனால் அந்த அவசரம் ஆறாம் வகுப்பில் இல்லை. முன்பு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூடக் கல்லூரிக்கு வாய்மொழி ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ 2017இல் அதை நிறுத்தியது. பதினோராம் வகுப்பு செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் முதல் பிரிவுக் (கல்லூரி விளையாட்டின் உச்ச மட்டம்) கோச்சுகள் பிள்ளைகளிடம் சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது. "இப்போதே டாப் கிளப்பில் சேர்க்காவிட்டால் வண்டி போய்விடும்" என்று யாராவது சொன்னால், அவர் கிளப் நடத்துபவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

பள்ளி மாறும்போது இன்னொரு பேச்சும் வரும்: ஒரு வகுப்பை மறுபடி படிக்கச் சொல்வார்கள். ஒரு வயது கூடினால் உடம்பும் கூடும், சக வகுப்புப் பிள்ளைகளை முந்தலாம் என்ற கணக்கு. பல கிளப் அணிகள் வயதைவிடப் பள்ளிப்படிப்பை முடிக்கும் வருடத்தை வைத்துப் பிரிப்பதால் இது நடக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தவிர, நன்றாகப் படிக்கும் பையனை ஏன் அதே வகுப்பில் உட்கார வைத்தீர்கள் என்று ஊரில் தாத்தா கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பணம். தனியார் பள்ளிகளில் வருடத்துக்கு 30,000 டாலரைத் தாண்டுபவை உண்டு. கிளப்பில் ஃபீஸ் ஒரு பங்கு என்றால் பயணம், ஹோட்டல், சீருடை இன்னொரு பங்கு. பல டோர்னமென்டுகளில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும். எல்லாம் ஸ்காலர்ஷிப்பில் திரும்பி வரும் என்பது நம்மவர்களிடம் பரவலாக இருக்கும் நம்பிக்கை. ஹார்வர்ட், யேல் போன்றவை இருக்கும் ஐவி லீகிலும் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. முதல் பிரிவில் ஆண்கள் அணிக்குப் பல வருடங்கள் மொத்தமே 12.6 ஸ்காலர்ஷிப்தான் அனுமதி. அதை நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிய்த்துக் கொடுத்தார்கள். 2025இல், புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த விதி மாறி, ஸ்காலர்ஷிப்புக்குப் பதில் அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. அதற்காக எல்லாக் கல்லூரியும் கஜானாவைத் திறந்துவிடவில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் எட்டாம் வகுப்பு வரை ரெக் லீக், கூடவே செலவு குறைந்த உள்ளூர் கிளப் ஒன்று, அவ்வளவுதான். தினமும் கொஞ்ச நேரம் சுவரில் பந்தடித்துப் பிடிக்கட்டும், இரண்டு கையாலும். இடது கை வராத பையனை எந்தப் பள்ளிக்கு அனுப்பினாலும் டிஃபென்ஸ்காரன் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். கூடைப்பந்தோ கால்பந்தோ ஆடினால் அதையும் விட வேண்டாம்.

படிப்பு, வகுப்பின் அளவு, சூழல் இவற்றுக்காகத் தனியார் பள்ளி பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள், லக்ராஸ் கூடுதல் லாபம். ஆனால் அந்த எம்ஐஏஏ அணிகளில் இடத்துக்குக் கடும் போட்டி. முக்கிய அணியில் பெஞ்சில் உட்கார்ந்தே இரண்டு வருடம் போவதைவிட, பொதுப்பள்ளி அணியில் முழு ஆட்டமும் ஓடுவது பதினைந்து வயதில் அதிகம் கற்றுத்தரும்.

கிளப் தேர்வுக்குப் போகும்போது இரண்டாவது அணிக்குக் கோச் யார் என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குக் கிடைத்த கிளப்பில் முதல் அணிக்கு முன்னாள் கல்லூரி வீராங்கனை, இரண்டாவது அணிக்கு வாரம் ஒரு புதுமுகம். ஃபீஸ் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.