ருமேனியாவில் ரத்தான வாக்கு

அன்புள்ள சார்,

ரஷ்யா டிக்டாக் வழியாகப் புகுந்து ருமேனியத் தேர்தலையே திருப்பிவிட்டது, அதனால்தான் நீதிமன்றம் அதை ரத்து செய்தது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அயல்நாட்டுச் செயலிகளைத் தடை செய்தால் இந்த ஆபத்து தீர்ந்துவிடாதா?

கே.

அன்புள்ள கே.,

தீராது. அந்தத் தேர்தலையே எடுத்துக்கொள்வோம்.

2024 நவம்பர் 24 அன்று நடந்த ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்றில், யாரும் எதிர்பார்க்காத தீவிர வலதுசாரி வேட்பாளர் கலின் ஜார்ஜெஸ்கு கிட்டத்தட்ட 23 சதவீத வாக்குகளோடு முதலிடம் பிடித்தார். பிரச்சாரச் செலவே இல்லை என்று கணக்குக் காட்டியவர். வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் முன்பு சுமார் 25,000 டிக்டாக் கணக்குகள் திடீரென்று சுறுசுறுப்பாயின என்றன உளவுத்துறை அறிக்கைகள். அவற்றில் சில நூறு கணக்குகள் 2016-லேயே தொடங்கிச் சும்மா கிடந்தவை.

நடந்த விதத்தைப் பாருங்கள். பலர் பின்தொடரும் சிலர் பணம் வாங்கிக்கொண்டு, நல்ல ஜனாதிபதி எப்படி இருக்க வேண்டும் என்று வீடியோ போட்டார்கள். யார் பெயரையும் சொல்லவில்லை. கீழே கமெண்டுகளில் ஜார்ஜெஸ்கு பெயர் வந்து குவிந்தது. கமெண்ட் குவிந்தால் அல்காரிதம் அந்த வீடியோவை இன்னும் பலருக்குக் காட்டும். யார் குவித்தார்கள் என்று கேட்காது. டிக்டாக்கில் கட்டண அரசியல் விளம்பரத்துக்கு இடமில்லை. ஆனால் பெயரே இல்லாத வீடியோ பார்ப்பவருக்கு விளம்பரமாகத் தெரியாதே.

டிசம்பர் 6 அன்று, வெளிநாட்டு ருமேனியர்கள் இரண்டாம் சுற்றுக்கு வாக்களிக்கத் தொடங்கிய பிறகு, அரசியல் சாசன நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. ரஷ்யாவின் கையை நேரடியாக நிறுவும் சான்று அப்போது வெளியான அறிக்கைகளில் இருக்கவில்லை. அப்புறம் அதே மாதம் ஸ்னூப் என்ற ருமேனிய இணைய இதழ், அந்த வீடியோப் பிரச்சாரங்களில் ஒன்றுக்குப் பணம் கொடுத்தது ஆளும் கூட்டணியிலிருந்த தேசிய லிபரல் கட்சி என்று வரித்துறை கண்டறிந்ததாக எழுதியது. விளம்பர நிறுவனத்தை அமர்த்தியதைக் கட்சி மறுக்கவில்லை, ஜார்ஜெஸ்குவுக்காக அல்ல என்றது.

ரஷ்யா இதையெல்லாம் செய்யாது என்று நான் சொல்லவில்லை. 2016-இல் ஹூஸ்டனில் ஓர் இஸ்லாமிய மையத்தின் முன்னால் எதிரெதிராக நின்ற இரண்டு கூட்டங்களையும் கூட்டியது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஒரே அலுவலகம்தான். அதற்குப் பயன்பட்டது பேஸ்புக், அமெரிக்கர்களின் சொந்தச் செயலி.

90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்ட வாக்கை இப்படித் தூக்கி எறிந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஜார்ஜெஸ்குவின் அரசியல் எனக்குத் துளியும் பிடிக்காது, இருந்தும்தான். பணம் யாருடையது என்பது வீடியோ ஓடும்போதே பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். டிக்டாக் மீது ஐரோப்பிய ஆணையம் விசாரணை தொடங்கியது டிசம்பர் 17-இல், வாக்கு ரத்தாகிப் பதினோரு நாள் கழித்து.