கோணல் கூடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். வயது முப்பத்தாறு, வேலை முழுக்கக் கணினி முன்னால்தான். வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடி இடம் சும்மா கிடக்கிறது. அதை ஒரு சின்னப் பட்டறையாக ஆக்கிக்கொள்ள ஆசை. பண்டிகைத் தள்ளுபடியில் ஆன்லைனில் 108 பீஸ் டூல் கிட் ஒன்று வாங்கினேன். அச்சிட்ட விலை 7,999 ரூபாய், எனக்குக் கிடைத்தது 1,999க்கு. அதே வேகத்தில் ஒரு கார்ட்லெஸ் டிரில் (48 வோல்ட் என்று போட்டிருக்கிறது), இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் ஆகும் நாலு அங்குல கிரைண்டர், மூன்று உளிகள் கொண்ட செட் ஒன்று.

மகளுக்கு ஒரு முக்காலி செய்யலாம் என்று உட்கார்ந்தேன். உளி மரத்தில் இறங்கவே இல்லை. கிரைண்டரில் வைத்துத் தீட்டினேன். முனை நீலமாகிவிட்டது, அதன்பிறகு இன்னும் மோசம். திருப்புளி ஸ்குருவின் தலையைத் தின்றுவிட்டது. கிரைண்டர் வட்டை மறைக்கும் தடுப்பு, அதாவது கார்டு, இடைஞ்சலாக இருந்ததால் கழற்றி வைத்திருக்கிறேன். மனைவி சிரிக்கிறாள். 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்' என்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கைவேலைக்குப் பிறந்தவன் இல்லையோ நான்?

முதலில் மலிவாக வாங்கிப் பழகி, பிறகு நல்லதாக வாங்குவது சரியா? எந்தக் கம்பெனி நல்லது? நம் தலைமுறைக்குக் கைத்திறனே போய்விட்டதா? பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று போட்டிருக்கிறார்கள். அனுப்பிவிடவா?

கே., புதுச்சேரி

அன்புள்ள கே.,

உங்கள் மனைவியிடம் என் சார்பில் ஒன்று கேளுங்கள். அந்தக் கூடத்தை யாராவது அளந்து பார்த்தார்களா?

இந்தப் பழமொழியைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருத்தி ஆட வந்தாள், சரியாக ஆடவில்லை, கூடம் கோணல் என்றாள். உடனே ஊரே சிரித்துவிட்டது. ஒரு மூலைமட்டத்தையோ ரசமட்டத்தையோ எடுத்துக்கொண்டு போய்த் தரையில் வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கூடம் கோணலாகவே இருந்திருந்தால்?

பேச்சைத் தொடர்வதற்கு முன்னால் ஒன்று. கார்டை மாட்டுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடித்துவிட்டு என்று நினைக்காதீர்கள், இப்போதே எழுந்து போய் மாட்டிவிட்டு வாருங்கள். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. அந்த வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அது உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் போகும் என்று உங்களிடம் சொல்லிவிட்டா போகும்? வட்டின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தைப் பாருங்கள். காலாவதித் தேதி அடித்திருப்பார்கள். பிசினால் ஒட்டிய வட்டு அது, மருந்து மாத்திரை மாதிரி அதற்கும் ஆயுள் உண்டு. தேதியே இல்லாத வட்டு என்றால் குப்பையில் போடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். லுங்கியோடு அதன் பக்கத்தில் போகாதீர்கள். குழந்தைக்கு முக்காலி செய்யப் புறப்பட்டவர், படித்தவர், கார்டைக் கழற்றி வைத்தேன் என்று ஏதோ சட்டைப் பொத்தானைக் கழற்றியது போல எழுதுகிறீர்கள். படித்ததும் ஆத்திரம்தான் வந்தது.

சரி. கூடத்துக்கு வருவோம்.

1974இல் நான் எட்டாம் வகுப்பு. ஜூன் மாதம், பள்ளி திறக்கும் நேரம். கடலூர் முதுநகரில் ஒரு கடையில் 'கழிவு விலை' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தான். அப்பா அங்கே ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார். தகரப் பெட்டி, மூடியில் பச்சை மயில். அதிலிருந்த காம்பஸின் திருகு மறை லூஸ். எனக்கு அது தெரியாது. காம்பஸ் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முள்ளை ஊன்றி வட்டம் போடுவேன், பென்சில் முக்கால் வட்டம் வரும்போது கால் மெல்ல அகன்றுவிடும். ஆரம்பித்த இடத்துக்குக் கோடு வந்து சேராது. வட்டத்துக்குப் பதில் சங்கின் வாய் மாதிரி ஒன்று வரும்.

கணக்கு வாத்தியார் நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். "இவனுக்குக் கை நிக்காதுடா" என்றார். கெட்டவர் இல்லை, அன்றைக்கு அவருக்குத் தோன்றியதைச் சொன்னார். நான் அதை நம்பிவிட்டேன் என்பதுதான் விஷயம். ஆண்டு முழுக்க நம்பினேன். ராத்திரியில் கையை நீட்டிப் பிடித்து விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பேன். உற்றுப் பார்த்தால் யாருக்குத்தான் விரல் நடுங்காது? முழுப் பரீட்சை அன்று பெட்டியை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போய், பக்கத்து பெஞ்சுப் பையனிடம் காம்பஸ் இரவல் வாங்கினேன். முதல் வட்டம். பென்சில் சுற்றிவந்து புறப்பட்ட புள்ளியிலேயே போய் உட்கார்ந்தது. நான் விடைத்தாளில் தேவையே இல்லாமல் இன்னும் இரண்டு வட்டம் போட்டேன்.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் மிச்சம் பிடித்தது அன்றைய கணக்கில் எட்டணா இருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நீங்கள் 'கைவேலைக்குப் பிறந்தவன் இல்லையோ' என்று எழுதியிருந்த வரியைப் படித்ததும் அந்தப் பச்சை மயில்தான் ஞாபகம் வந்தது. மலிவுக் கருவியால் பணம் போகிறது, அது சீக்கிரம் உடைகிறது என்றெல்லாம் சொல்வார்கள். போகட்டும். உடைந்துபோனால் கூட நல்லது, கருவிதான் கெட்டது என்று தெரிந்துவிடும். உடையாமல், பார்வைக்கு உளி மாதிரியே இருந்துகொண்டு, உளியின் வேலையை மட்டும் செய்யாமல் இருக்கிறதே, அதுதான் மோசம். பழகுகிறவனுக்குத் தப்பு எங்கே என்று தெரியாது. தெரியாதபோது நல்ல மனசுக்காரன் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வான்.

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்று அடுத்ததாக யாராவது உங்களிடம் வருவார்கள். வல்லவனுக்கு என்றுதானே இருக்கிறது? நேற்று மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தவனுக்கு என்று இல்லையே? ஆனால் நம் வழக்கம் என்ன? மிருதங்கம் பழகும் பையனுக்கு வார் தளர்ந்த மிருதங்கம். ஓட்டப் பழகுகிறவனுக்குப் பிரேக் பிடிக்காத சைக்கிள். "முதல்ல இதுல பழகு, அப்புறம் நல்லது வாங்கித் தரேன்." அவன் பழகவே மாட்டான். அந்த அப்புறம் வரவே வராது.

என் வீட்டுக் கதையையும் கேளுங்கள். 2011 டிசம்பர் 30, விடியற்காலை தானே புயல் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே கரையேறியதே, அன்று எங்கள் கொல்லைப் பலா சாய்ந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகப் படுத்துக் கிடந்தபோது எங்கள் ஒற்றை மரத்துக்கு அழுவதற்கே கூச்சமாக இருந்தது. இரண்டு அங்குலக் கனத்தில் பலகை அறுத்து வாங்கி, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, இரண்டு வருஷம் நிழலில் காயவிட்டேன். அதில் ஒரு பெஞ்சு செய்வதாகத் திட்டம். பொருட்காட்சி மைதானத்தில் எதை எடுத்தாலும் ஒரே விலை என்று குவித்திருந்த இடத்தில் ஓர் உளி செட் வாங்கினேன். ஆமாம், நானும்தான். பளபளவென்று, மஞ்சள் பிளாஸ்டிக் பிடியோடு. நாலு அடி அடித்ததும் வாய் மடங்கியது. தீட்டினேன், மடங்கியது. 'கை நிக்காதுடா' என்ற குரல் நாற்பது வருஷம் தாண்டி வந்து காதில் விழுந்தது. பலகையை மூலையில் சாத்திவிட்டேன். உளிகள் ஆறு வருஷ ஆயுதபூசைக்குச் சந்தனமும் குங்குமமும் மட்டும் வாங்கிக்கொண்டு சும்மா கிடந்தன.

பிறகு வாசற்கதவு இறங்கிவிட்டது என்று ஓர் ஆசாரி வந்தார். எழுபதை நெருங்கிய வயது. என் உளியை எடுத்து வாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கூரான வாய் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. மழுங்கின இடம் வெள்ளை நூல் மாதிரி மின்னும். என் உளியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே நூல். அடுத்து பையிலிருந்து ஒரு தேய்ந்த அரத்தை எடுத்து உளியின் பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்தார். அரம் கடித்துக்கொண்டு தூளை இறக்கியது. தன் உளியில் அதே அரத்தை இழுத்தார். வழுக்கிக்கொண்டு போயிற்று, இரும்பு அவ்வளவு கடினம். லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துக் கொடுத்த உளி அது. இரண்டையும் சாணையில் தொட்டுக் காட்டினார். என்னுடையதிலிருந்து பொறி நீளநீளமாக, கோடு போட்டது போல வந்தது. அவருடையதில் ஒவ்வொரு பொறியும் நுனியில் மத்தாப்பாக வெடித்தது. கரி சேர்ந்த இரும்புதான் அப்படிப் பூக்கும்.

"தப்பு உங்க கையில இல்ல சார்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொஞ்சம் இருக்கு. மீதி இதுல இருக்கு" என்றார்.

அடுத்து அவர் செய்ததைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். என் உளியையே எடுத்து, வாயின் சரிவை வழக்கத்தைவிட மொட்டையாகத் தீட்டினார். கூரிய சரிவு என்றால் மெத்து இரும்பு தாங்காது, மொட்டைச் சரிவு என்றால் கொஞ்சம் தாங்கும். பெஞ்சின் காலுக்குத் துளையை அந்த உளியாலேயே போட்டார். பத்து அடிக்கு ஒருதரம் நிறுத்திக் கல்லில் இழைத்துக்கொண்டார். துளை சுத்தமாக வந்தது. பார்த்தீர்களா, புல் ஆயுதமாயிற்று! எப்படி ஆயிற்று? கையில் இருப்பது புல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எது இரும்பின் குற்றம், எது கையின் குற்றம் என்று பிரித்துப் பார்க்க அவருக்கு ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது. முதல் நாளில் நீங்கள் பிரிப்பீர்களா?

உங்கள் உளியின் நீலத்துக்கு மட்டும் நீங்களேதான் பொறுப்பு. தோய்ச்சல் போட்ட, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய, எஃகைச் சூடாக்கினால் 230 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம் வரும், 300ஐ நெருங்கினால் நீலம் ஓடும். நீலம் ஓடிய இடத்தில் கடினம் போய்விட்டது. அந்தப் பகுதியைத் தேய்த்துத் தள்ளிவிட்டு, கல்லில் தண்ணீர் விட்டுக் கையால் தீட்டுங்கள். கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்தால் வழுக்காமல் பற்ற வேண்டும். அதற்கு முன்னால் அரத்தால் சோதித்துவிடுங்கள். கிட்டில் வந்த அரத்தை எடுக்காதீர்கள், அதுவே வெண்ணெயாக இருந்தாலும் இருக்கும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. 75 சதவீதம் தள்ளுபடி என்றால், தள்ளிய விலையை அச்சிட்டதும் பெட்டிக்காரர்தான். 108 என்பது அர்ச்சனைக்கு நல்ல எண். எண்ணிப் பாருங்கள், பாதிக்கு மேல் விரல்நீளம் கூட இல்லாத திருப்புளி முனைகளாக, பிட்டுகளாக இருக்கும். டிரில்லின் 48 வோல்ட்டும் அதே வகை அர்ச்சனைதான். பாட்டரியில் பெரும்பாலும் ஐந்து லித்தியம் செல் இருக்கும். ஒன்றுக்கு 3.6 வோல்ட் என்றால் 18. முழுசாகச் சார்ஜ் ஏறினால் 21. மீதி வோல்ட் எல்லாம் ஸ்டிக்கரில் இருக்கிறது. எந்தக் கம்பெனி என்று கேட்டால் எனக்குத் தெரியாது, நான் கடை வைத்திருக்கவில்லை. தலைமுறைக்கே கைத்திறன் போய்விட்டதா என்பது மேடையில் பேச வேண்டிய கேள்வி, மேடைக்காரர்கள் யாரையாவது கேளுங்கள்.

முதலில் மலிவு, பிறகு நல்லது என்ற யோசனை சுத்தியலுக்கும் டேப்புக்கும் சரி. வெட்டுவதற்கும் திருகுவதற்கும் சுழல்வதற்கும் ஆகாது. மூன்று உளிக்குப் பதில் ஒன்று வாங்குங்கள், முக்கால் அங்குலம். கையில் காசு இல்லையென்றால் உங்கள் ஊர் காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் பழைய இரும்பு விரித்திருக்கும் ஆள் யாராவது இருக்கிறாரா பாருங்கள். எனக்கு அங்கே ஒரு பழைய உளி கிடைத்தது. மேலெல்லாம் துரு. தேய்த்துவிட்டு அரத்தை இழுத்தேன், வழுக்கிற்று. மூன்று பெரிய மில்கள் ஓடி மூடிய ஊர் அது. ஏதாவது ஒரு மில் ஃபிட்டரின் பெட்டியிலிருந்து வந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

முக்காலிக்கு என்ன மரம் என்று எழுதவே இல்லையே? அந்த மஞ்சள் பலாப் பலகையில் ஒரு முழத் துண்டு இன்னும் மூலையில் நிற்கிறது. இப்போது தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், மகளையும் கூட்டிவாருங்கள்.

கிட்டைத் திருப்பி அனுப்புவதா என்றுதானே கேட்டிருந்தீர்கள்? உங்கள் கடிதத்தின் தேதியை இப்போதுதான் பார்க்கிறேன். நீங்கள் எழுதிப் பதினேழு நாள் ஆகிறது. மன்னியுங்கள். அதிலிருக்கும் சாக்கெட்டுகள் சைக்கிளுக்கு ஆகும்.

அன்புடன்.