கூட்டிட்டுப் போறதும் கூடப் போறதும் (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

நான் ஐடில வேலை பாக்கறேன், சனி ஞாயிறுல நண்பர்களோட சேந்து ஒரு தன்னார்வக் குழு நடத்தறோம். போன மாசம் தாம்பரம் ஸ்டேஷன்ல வெள்ளைக் கோலோட ஒரு பெரியவர் தனியா நின்னுட்டிருந்தார். பாக்கவே பாவமா இருந்தது. "மாற்றுத்திறனாளி சார், வாங்க"ன்னு கையைப் பிடிச்சு படிக்கட்டு ஏத்தி அடுத்த பிளாட்பாரத்துல கொண்டுபோய் விட்டேன். பாதிப் படியிலயே கையை உதற ஆரம்பிச்சவர், இறங்கினதும் "நான் எங்கய்யா இங்க வரணும்னு சொன்னேன்"னு எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டார். ரொம்ப அவமானமா போச்சு. குழுவுல சொன்னா, நான் கூப்பிட்ட வார்த்தைதான் தப்புங்கறாங்க. 'பார்வை மாற்றுத்திறனாளி'ன்னு சொல்லியிருக்கணும்னு ஒருத்தர், 'பார்வையற்றவர்'தான் சரின்னு இன்னொருத்தர், 'விழிச்சவால் உள்ளவர்'னு ஒரு அக்கா. மூணு நாளா சண்டை. எதுதான் சார் சரியான சொல்? அக்டோபர் 15 வெள்ளைக் கோல் தினத்துக்கு நாங்க செஞ்ச போஸ்டரையும் அனுப்பியிருக்கேன், அதுலயும் சொல் சரியான்னு பாருங்க.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்க லெட்டரை நான் படிக்கல, என் பொண்ணு சத்தமா படிச்சா, நான் சாய்வு நாற்காலில உக்காந்து கேட்டேன். கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு அன்னிக்கு நாலாவது நாள். வலது கண்ணுல பிளாஸ்டிக் மூடி, இடது கண்ணு மைனஸ் 9, பழைய கண்ணாடியப் போட்டா ரெண்டு கண்ணும் ரெண்டு ஊர் காட்டுது, தலை சுத்துது, அதனால கழட்டி வச்சிட்டு வீட்டுக்குள்ளயே தடவித் தடவி நடந்துட்டிருந்தேன். இல்லன்னா உங்க லெட்டருக்கு ரெண்டு வரில பதில் போட்டு முடிச்சிருப்பேன், நீங்க நேரம் பாத்து அனுப்பிட்டீங்க.

அந்த நாலு நாள்ல எங்க வீட்ல நடந்த சண்டை பூராவும் ஒரே ஒரு வார்த்தைக்குத்தான். "காபி இங்க வச்சிருக்கேன்." எங்க? "இங்கதான், அந்த பேப்பர் பக்கத்துல." பேப்பர் எங்க? "அய்ய, அங்கதான இருக்கு, பாருங்களேன்." மூணாவது நாள் காபி என் மடியில. என் மனைவி மேல தப்பு சொல்லல, முப்பது வருஷமா கண்ணு தெரிஞ்ச ஆளோட குடும்பம் நடத்தினவ, வாய் அப்படித்தான் வரும். ஆனா ராத்திரி இதை என் நண்பன் ஒருத்தன்கிட்ட போன்ல சொன்னேன், அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். பிறவியிலயே பார்வை இல்லாதவன், கவர்மென்ட் ஸ்கூல்ல தமிழ் வாத்தியார். பேரு வேணாம், அவனுக்குப் பிடிக்காது. "சுட்டெழுத்துன்னா என்னன்னு இப்பதான் தெரியுதாடா உனக்கு"ன்னான். அ, இ, உ மூணும் சுட்டெழுத்துன்னு ஸ்கூல்ல எல்லாரும் படிச்சோம். நம்ம பக்கம் உகரம் செத்துப் போச்சு, யாழ்ப்பாணத்துல இன்னும் உது, உவன்னு சொல்றாங்க. ஆனா சுட்டுறதுன்னா விரல் நீட்டறதுன்னும், எதிர்ல இருக்கறவன் அந்த விரலைப் பாத்தாத்தான் அந்த வார்த்தைக்கு அர்த்தம்னும் எனக்கு உறைக்க அம்பது வயசு தாண்ட வேண்டியிருக்கு. அவன் கிளாஸ்ல பசங்களுக்கு சொல்லித் தரும்போதே "இது கண்ணு இருக்கறவங்க எழுத்து, எனக்கு பாதி உபயோகம்தான்"னு சொல்வானாம்.

சரி, உங்க கேள்வி. எது சரியான சொல். இதுக்கு ரொம்ப நேரம் செலவு பண்ண எனக்கு இஷ்டமில்ல. ஊனமுற்றோர்னு இருந்ததை கலைஞர் மாற்றுத்திறனாளின்னு மாத்தினார், 2010ல தனித் துறையே அந்தப் பேர்ல வந்தது, நல்ல காரியம், ஒரு ஆபீஸ் போர்டுல 'ஊனம்'னு எழுதியிருக்கறது போறதுதான் நியாயம். 2015 கடைசில பிரதமர் ரேடியோல பேசி 'திவ்யாங்'னு ஒண்ணு கொண்டு வந்தார், தெய்வீக உறுப்புன்னு அர்த்தம் வரும், என் நண்பன் அதைக் கேட்டுட்டு "தெய்வீகம் எதுக்குடா, பஸ்ஸுல ஸ்டாப் பேரை சொன்னா போதாதா"ன்னான். மாற்றுத்திறனாளிங்கற சொல்லும் அவனுக்கு அவ்வளவா பிடிக்காது. "எனக்கு மாற்றுத் திறன் ஒண்ணும் கிடையாது, கண்ணு தெரியாது, அவ்ளோதான்"பான். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மாளுங்க அடுத்து "பாடுவீங்களா?"ன்னு கேப்பாங்க. அவன் பாடினா ஹாஸ்டலே காலியாயிடும். அதே சமயம் அந்தச் சொல்லுதான் எனக்கு மரியாதையா இருக்குன்னு சொல்றவங்களையும் எனக்குத் தெரியும். எழுதும்போது, சட்டம் பேசும்போது மாற்றுத்திறனாளி. பேசும்போது பார்வையற்றவர், கண் தெரியாதவர். எதிர்ல நிக்கறவர் தன்னை எப்படிச் சொல்லிக்கறாரோ அப்படி. முடிஞ்சுது. அந்த அக்காவோட 'விழிச்சவால்' எனக்கு ஏதோ டிவி கேம் ஷோ பேரு மாதிரி இருக்கு, மன்னிக்கச் சொல்லுங்க.

ஆனா ஆர்., ஒருத்தரை "மாற்றுத்திறனாளி சார்"னா கூப்பிடுவாங்க? உங்க மேனேஜரை "வழுக்கை சார்"னு கூப்பிடுவீங்களா? சார்னு ஒரு சொல் இருக்கு. முன்னாடி எதையும் ஒட்ட வேணாம்.

இதுவும் சின்ன விஷயம்தான். உங்க குழுவுல மூணு நாளா பெயர்ச்சொல்லுக்கு அடிச்சுக்கிட்டீங்க, உங்க லெட்டர்ல இருக்கற வினைச்சொல்லை ஒருத்தராவது பாத்தீங்களா? "கையைப் பிடிச்சு", "ஏத்தி", "கொண்டுபோய் விட்டேன்". திரும்பப் படிங்க. என் பொண்ணை அந்த ஒரு வரியை மட்டும் மூணு தடவை படிக்கச் சொன்னேன். ஏத்தறது மூட்டையை. கொண்டுபோய் விடறது பூனையை, கோணில கட்டி ஊர்க் கோடில. அந்த வரி முழுக்க நீங்கதான் எல்லாம் பண்றீங்க, அந்த மனுஷனுக்கு ஒரு வினை கூட இல்ல, கடைசில சத்தம் போடறது மட்டும்தான் அவர் தானா செஞ்ச காரியம். 'விழிச்சவால் உள்ளவர்'னே கூப்பிட்டிருந்தாலும் அவர் கத்தியிருப்பார், ஏன்னா அவருக்கு அந்த பிளாட்பாரத்துக்குப் போகவேண்டியதே இல்ல!

'பாவமா இருந்தது'ங்கறீங்க. அங்கதான் ஆரம்பிச்சது. மனசுல பாவம்னு வந்துட்டா கேள்வி கேக்கத் தோணாது. பாவம்னா தூக்கு, எடு, குடு, விடு, இப்படித்தான் வாய்ல வரும், கையும் அது பின்னாடியே போகும். ஸ்டேஷன்ல தனியா நிக்கற மத்த ஆளு யாரைப் பாத்தாவது "பாவம், நிக்கறாரு"ன்னு தோணியிருக்கா? யாருக்காவது காத்துட்டிருக்காருன்னுதான நினைப்போம்.

எனக்கு இதைச் சொல்ல பெரிய யோக்கியதை இல்ல. 1994ல திருச்சில காலேஜ் கடைசி வருஷம். நான் பிசிக்ஸ், அந்த நண்பன் பி.ஏ. தமிழ், ஒரே ஹாஸ்டல். பத்தாவது வரைக்கும் பிரெயில்ல படிச்சவன், காலேஜ் பாடம் எதுவும் பிரெயில்ல கிடைக்கல, அதனால நாங்க நாலஞ்சு பேர் மாத்தி மாத்தி டிடிகே 90 கேசட்ல வாசிச்சுப் பதிவு பண்ணிக் குடுப்போம், நடுவுல சோறுக்கு மணி அடிக்கற சத்தமும் சேந்து பதிவாயிடும். அதை வச்சு அவன் பாடத்தோட இடத்தை ஞாபகம் வச்சுப்பான், "ரெண்டாவது மணிக்கு அப்புறம் வர்ற பகுதி"ன்னு சொல்லுவான். அந்த வருஷம் ஒரு அலைட் பேப்பருக்கு, அதாவது துணைப் பாடத்துக்கு, அவனுக்கு ஸ்கிரைப் வேணும், அவன் சொல்லச் சொல்ல எழுதித் தர்ற ஆளு. அதே பாடம் படிக்கறவன் உக்காரக் கூடாது, அதனால என்னைப் பிடிச்சாங்க. இப்பல்லாம் மணிக்கு குறைஞ்சது 20 நிமிஷம் கூடுதல் தரணும்னு 2013லயே மத்திய அரசு விதி போட்டிருக்கு, அப்ப எங்களுக்கு மொத்தமா அரை மணி நேரம் குடுத்தாங்க, அதுக்கே சந்தோஷப்பட்டோம்.

தமிழக வரலாறு பேப்பர். தாது வருஷப் பஞ்சம் பத்தி பதினஞ்சு மார்க் கேள்வி. அவன் சொல்றான், "1876ல மழை பொய்த்தது. பஞ்சம் நடக்கும்போதே தானியம் ஏற்றுமதி ஆனது. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் கூலி." இப்படி துண்டு துண்டா, ஒரு பூவேலையும் இல்லாம. எனக்கோ அப்பவே எழுத்தாளன்ங்கற திமிரு, ஹாஸ்டல் கையெழுத்துப் பத்திரிகைல ரெண்டு கவிதை வந்திருந்தது. பாவம், இவனுக்கு நல்லா எழுத வரல, நாமதான் தூக்கி விடணும்னு நினைச்சு, "கொடிய பஞ்சம் தலைவிரித்தாடியது, மக்கள் புழுவாய்த் துடித்தனர்"னு எழுதித் தள்றேன். எழுதற வேகத்துல ஏற்றுமதி வரியைக் காணோம், அணாவையும் காணோம்.

"படிச்சுக் காட்டு"ன்னான். படிச்சேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "தலைவிரிச்சு ஆடினதை நான் பாக்கல. நீ பாத்தியா?"ன்னான். ஹால்ல சூப்பர்வைசர் திரும்பிப் பாத்தார். "ஏற்றுமதி எங்க? அதுக்குத்தாண்டா மார்க்கு. அடிச்சிட்டு நான் சொன்னதை எழுது." அடிச்சேன், எழுதினேன், அதுல பத்து நிமிஷம் போச்சு, கடைசிக் கேள்வி பாதியில நின்னுது. அந்தப் பத்து நிமிஷம் யாரோடதுன்னு இன்னிக்கு நினைச்சாலும் எனக்கு வயித்தைப் பிசையும்.

இதோட முடியல. சாயங்காலம் கேன்டீன்ல யாரோ கேட்டாங்க, நான் டீயை உறிஞ்சிட்டே "இவனுக்கு நான்தான் பரீட்சை எழுதினேன்"னேன். அவன் கிளாஸை கீழ வச்சான். "பரீட்சை எழுதினது நான். நீ எழுதிக் குடுத்த." அவ்வளவுதான் சொன்னான், கோவமாக்கூட இல்ல. எழுதினேன், எழுதிக் குடுத்தேன். நடுவுல ஒரு 'குடு'தான். ஆனா அந்த 'குடு' வந்ததும் பரீட்சை அவன்கிட்ட திரும்பிப் போயிடுது, என் கைல பேனா மட்டும்தான் மிச்சம். காலைல ஹாலுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே "எழுதிக் குடுக்கப் போறேன்"னு நான் மனசுல சொல்லியிருந்தா அந்தத் தலைவிரி ஆட்டமே நடந்திருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது. வார்த்தை அப்புறம் வந்து ஒட்டிக்கறதில்ல ஆர்., முதல்ல அதுதான் போகுது, கை பின்னாடி போகுது.

அதே மாதிரிதான் கூட்டிட்டுப் போறதும் கூடப் போறதும். அவனோட சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு தினம் போவேன். ஆரம்பத்துல நானும் உங்களை மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனவன்தான், ஆட்டைச் சந்தைக்கு ஓட்டற மாதிரி. அவன்தான் மாத்தினான், "நீ என்னைப் பிடிக்காத, நான் உன்னைப் பிடிச்சுக்கறேன்." முழங்கைக்கு மேல லேசா பிடிச்சுப்பான், அரை அடி பின்னாடி வருவான், நான் ஏறினா என் தோள் ஏறும், இறங்கினா இறங்கும், பாதி விஷயம் சொல்லாமலே அவனுக்குத் தெரிஞ்சிடும். மீதிக்கு வார்த்தை வேணும். 'படி'ன்னு மட்டும் சொன்னா பத்தாது, ஏறற படியா இறங்கற படியான்னு சொல்லணும். பஸ் வந்தா "அந்தா வருது"ன்னு கத்தாம என்ன நம்பர்னு சொல்லணும். முன்னால பள்ளம்னா "நில்லு". நம்ம ஜனம் என்ன சொல்லும்? "பாத்து! பாத்து!" கண்ணு தெரியாதவனைப் பாத்து 'பாத்து'ன்னு கத்தறதுக்கு நம்மளாலதான் முடியும். அதுக்காக அவங்க முன்னாடி பாக்கறதுங்கற சொல்லையே முழுங்க வேணாம், அவனே "நேத்து மேட்ச் பாத்தியா"ன்னுதான் கேப்பான். அவசரத்துக்கு உதவாத இடத்துலதான் அது தப்பு.

சாப்பாட்டுலயும் இதே கதைதான். தட்டுல சாப்பிடும்போது கடிகாரக் கணக்குல சொல்லச் சொல்வான், ஆறு மணில சாதம், ரெண்டு மணில பொரியல், பதினோரு மணில ஊறுகாய். கல்யாணத்துல இலைன்னா அதுவும் தேவையில்ல, நுனி இடது பக்கம், உப்பும் ஊறுகாயும் மேல இடது ஓரம்னு நம்ம பாட்டிங்க எப்பவோ முடிவு பண்ணி வச்சிட்டாங்க, அவன் கை தானா போகும். பஃபே வந்ததுலேர்ந்து கல்யாணத்துக்குப் போறதையே குறைச்சுட்டான். பஃபேயை நான் ஏன் திட்டறேன்னு போன மாசம் ஒருத்தர் கேட்டிருந்தார், இதுவும் ஒரு காரணம்.

உங்களை ரொம்பத் திட்டிட்டேனோ தெரியல. அந்த ஸ்டேஷன்ல நூறு பேர் அவரைத் தாண்டிப் போயிருப்பான், நீங்க நின்னீங்க. அவமானப்பட்டதையும் மறைக்காம எழுதினீங்க. அதனாலதான் திட்டறேன். அடுத்த தடவை பக்கத்துல போய், தொடாம, "சார், எங்கயாவது போகணுமா, கூட வரட்டுமா?"ன்னு கேளுங்க. வேணாம்னா சரின்னு சொல்லிட்டு உங்க ட்ரெயினைப் பிடிங்க.

போஸ்டரை மறந்துட்டேன். நல்லா இருக்கும்னுதான் நினைக்கறேன், பச்சை கலர்ல பெரிய எழுத்துன்னு பொண்ணு சொன்னா. என் நண்பனுக்கு வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணினேன். அவன் போன் திரைல இருக்கறதைப் படிச்சுச் சொல்லும், அதை வச்சுத்தான் அவன் எல்லாம் படிக்கறான். உங்க போஸ்டருக்கு அது 'போட்டோ'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்திடுச்சாம். "வெள்ளைக் கோல் தினத்துக்கு என்னமோ அனுப்பியிருக்க, என்னடா அது"ன்னு கேக்கறான். அதுல இருக்கறதை டைப் பண்ணி அனுப்புங்க, அவனுக்குப் போடறேன்.