வெள்ளநீரில் நடந்தபின் லெப்டோ மாத்திரை: யாருக்கு, எப்போது?

கேள்வி: மும்பை தாராவியில் வசிக்கிறோம். சென்ற வாரப் பெருமழையில் சயான் ஸ்டேஷனிலிருந்து முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து வீடு வந்தேன். என் குதிகாலில் பித்தவெடிப்பு உண்டு. காய்ச்சல் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டார் 'லெப்டோ மாத்திரை' போட்டுக்கொண்டார்கள். நானும் போட வேண்டுமா? கர்ப்பமாக இருக்கும் மனைவிக்கும் ஐந்து வயது மகனுக்கும் அதையே கொடுக்கலாமா?

பதில்: பக்கத்து வீட்டார் போட்டுக்கொண்டது பெரும்பாலும், எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோ (லெப்டோஸ்பைரோசிஸ்) நோயைத் தடுக்கக் கொடுக்கப்படும் டாக்ஸிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் மாத்திரையாக இருக்கும். எலி, நாய், மாடு ஆகியவற்றின் சிறுநீர் வழியாக வெள்ளநீரில் கலக்கும் லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா, தோலில் உள்ள கீறல், வெடிப்பு வழியாகவும் கண், மூக்கு, வாயின் மென்சவ்வு வழியாகவும் உடலுக்குள் நுழைகிறது. ஆகவே உங்கள் குதிகால் வெடிப்பையும் காயமாகவே கணக்கிட வேண்டும்.

தண்ணீரில் நடந்த 24 முதல் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரின் ஆலோசனையுடன் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும் என்பது மும்பை மாநகராட்சி மழைக்காலந்தோறும் கூறும் அறிவுரை. காயமில்லாமல் ஒருமுறை நடந்த பெரியவர்களுக்கு 200 மில்லிகிராம் ஒரே ஒரு வேளையும், காயம் உள்ளவர்களுக்கு அதே அளவு நாளுக்கு ஒருமுறையாக மூன்று நாட்களும், மீண்டும் மீண்டும் தண்ணீரில் இறங்க நேர்பவர்களுக்கு வாரம் ஒருமுறையாக ஆறு வாரங்களும் அதில் சொல்லப்பட்டுள்ளன. உங்களுக்கு அந்த 72 மணி நேரம் கடந்துவிட்டது; எனவே சென்ற வார நடைக்காக இப்போது நீங்களாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். ஆனால் மழைக்காலம் முடியும்வரை அதே வழியில்தான் போய்வர வேண்டியிருக்கும் என்றால், வாராந்திர மருந்து தேவையா என்று மாநகராட்சி மருந்தகத்தில் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மாநகராட்சி பரிந்துரைப்பது டாக்ஸிசைக்ளின் அல்ல, அசித்ரோமைசின் என்னும் வேறொரு ஆன்டிபயாடிக். உங்கள் மனைவியும் மகனும் தண்ணீரில் இறங்கவே இல்லை என்றால் அவர்களுக்கு எதுவும் தேவையில்லை.

டாக்ஸிசைக்ளின் மாத்திரையின் மீதுள்ள நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை உண்டு. பனாமாவின் காடுகளில் பயிற்சி பெற்ற 940 அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தப்பட்டு 1984இல் வெளியான ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் எடுத்தவர்களில் ஒருவருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 20 பேருக்கும் நோய் வந்தது. ஆனால் அவர்கள் காட்டுக்குப் போகும் முன்பே மருந்தைத் தொடங்கிவிட்டவர்கள். தண்ணீரில் நடந்து ஒரு வாரம் கழித்துப் போடும் மாத்திரையிடம் அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

உங்களைப் பொறுத்தவரை இனி முக்கியமானது கண்காணிப்பு. அறிகுறிகள் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில், சிலருக்கு ஒரு மாதம் வரை தாமதித்துத் தோன்றும். திடீர்க் காய்ச்சல் வந்தாலே, அதிலும் கெண்டைக்காலைத் தொட முடியாத அளவு வலியோ சீழில்லாமல் சிவக்கும் கண்ணோ சேர்ந்து வந்தால், அன்றே மருத்துவரைப் பாருங்கள். தண்ணீரில் நடந்ததை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். ரத்தச் சோதனை முதல் சில நாட்களில் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும் என்பதால், அனுபவமுள்ள மருத்துவர் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவார். வெள்ளநீரில் நடந்தீர்கள் என்ற தகவல்தான் அவருக்கு அந்தத் துணிவைத் தரும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். உடல்வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் குடியிருப்புகளில் அதிகம். லெப்டோவில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைத் தூண்டலாம். சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், மூச்சுத்திணறல், சளியில் ரத்தம், மனக்குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தெருமுனை கிளினிக்கில் நேரத்தைக் கழிக்காமல், இரவானாலும் சயான் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேராகச் சென்றுவிடுங்கள்.