ஒத்திகை இல்லாத நாடகத்துக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

கேள்வி: கொடைக்கானல் மலையில் இருக்கும் பண்ணைக்காட்டில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். திண்டுக்கல் நண்பர்கள் தொடங்கும் சிற்றிதழ் ஒன்றில் மாதம் ஒரு நாடகம் அல்லது டிவி தொடர் பற்றி விமர்சனம் எழுதச் சொல்கிறார்கள். எனக்கு நாடகப் படிப்பு கிடையாது. மலையில் நாடகம் வருவதே அபூர்வம். மதுரைக்கு இறங்கினால் கடைசி பஸ் பயம். தினமும் ஓடும் சீரியலை எத்தனை எபிசோட் பார்த்துவிட்டு எழுதுவது? தெரிந்தவர்கள் நடித்திருந்தால் குறை சொல்லலாமா? பக்கத்து ஊர்த் திருவிழாவில் பார்த்த வள்ளி திருமணம் பற்றி எழுதிய அரைப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: கடிதத்தை ஒரு தடவையும் அந்த அரைப் பக்கத்தை மூன்று தடவையும் படித்தேன். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். நான்கு வாக்கியங்களை மட்டும் இங்கே எடுத்துப் போடுகிறேன்: “வள்ளியாக நடித்தவர் பாத்திரமாகவே வாழ்ந்து காட்டினார். நாரதரின் பாடல்கள் செவிக்கு விருந்து. பபூன் காமெடியைக் குறைத்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் ஒத்திகை பார்த்திருந்தால் நாடகம் சிறப்பாக இருந்திருக்கும்.”

கடைசி வாக்கியத்தில்தான் மாட்டிக்கொண்டீர்கள். நீங்கள் பார்த்தது ஸ்பெஷல் நாடகம். அதில் ஒத்திகையே கிடையாது. நாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தேதி வாங்கி, முன்பணம் கொடுத்து வரவழைக்கிறார்கள். நோட்டீஸில் அவரவர் போட்டோவோடு ஊர்ப் பெயரும் இருந்திருக்குமே, கவனித்தீர்களா? அன்று இரவு மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய ஆட அவர்களுக்குக் கையில் இருப்பது, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்துவிட்டுப் போன கதைப்போக்கும் பாட்டும்தான். மிச்சமெல்லாம் அந்த மேடையில் அந்த நிமிடத்தில் உண்டாகிறது. ஒருவர் எடுத்துக் கொடுப்பதை இன்னொருவர் எப்படிப் பிடிக்கிறார் என்பதில்தான் அந்த ஆட்டத்தின் ருசியே இருக்கிறது. ஒத்திகை போதவில்லை என்று எழுதினால், இட்லிக் கடையில் போய் பிரியாணி சரியில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அதனால்தான் உங்களுக்குப் போன் போட்டேன். “எழுதியதை விடுங்கள், அன்று ராத்திரி நடந்ததில் ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள்” என்றேன். இருபது நிமிடம் பேசினீர்கள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து குறித்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணிக்கு மேல் பனி மேடைக்குள்ளேயே இறங்கி டியூப்லைட் மங்கிப் போனதாம். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிக்கொண்டிருந்தபோது ஒரு நாய் மேடையேறி மைக்குக்கு நேராக வந்து நின்றதாம். வள்ளி பாட்டை நிறுத்தவில்லை. அதே ராகத்தில், “கிளி விரட்ட வந்தவளை நாய் விரட்ட வைத்தாரே” என்று ஒரு வரி போட்டு, கவணை ஓங்கினாராம். ஆர்மோனியக்காரர் சிரித்ததில் ஒரு கட்டை தவறியது. அப்புறம் தர்க்கம். வயசுப் பெண் தனியாகக் காட்டில் நிற்கலாமா என்று நாரதர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சீண்ட, “காட்டு வேலையைப் பெண்கள் விட்டுவிட்டால் உங்களுக்குக் கஞ்சி யார் ஊற்றுவது?” என்று வள்ளி திருப்பிப் போட்டிருக்கிறார். சாக்கு விரித்து, கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த காப்பித் தோட்டத்துப் பெண்கள் விசிலடித்தார்கள் என்று சொன்னீர்கள். விசில்!

இதில் ஒரு வரிகூட அந்த அரைப் பக்கத்தில் இல்லை. நாய் இல்லை, பனி இல்லை, கஞ்சி இல்லை. ‘செவிக்கு விருந்து’ மட்டும் இருக்கிறது. ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, “அதெல்லாம் விமர்சனத்தில் வருமா சார்?” என்றீர்கள். அதுதான் விமர்சனம். அந்த நாடகத்தைப் பார்க்காதவர்தான் உங்கள் வாசகர். வள்ளி நன்றாக நடித்தார் என்றால் அவர் உங்களை நம்பத்தான் வேண்டும். நாய்க்கு வள்ளி போட்ட வரியைச் சொன்னால் அவரே முடிவுக்கு வந்துவிடுவார்.

பபூன் விஷயத்திலும் இப்படித்தான். குறைத்திருக்கலாம் என்று தோன்றியது சரியாகவே இருக்கலாம்; எனக்கும் பல ஊர்களில் தோன்றியிருக்கிறது. ஆனால் எது உறுத்தியது? பபூன் டான்ஸ் ஆடுகிற பெண்ணைப் பார்த்துப் பேசிய இரட்டை அர்த்தமா, அதே ஜோக்கை மூன்று தடவை இழுத்ததா? அந்தப் பெண் பதிலடி கொடுத்தாரா, சிரித்துச் சமாளித்தாரா? யார் சிரித்தார்கள், யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்கள்? அச்சில் போடக்கூடிய ஒரு ஜோக்கை அப்படியே எழுதிக் காட்டுங்கள். உங்களோடு சண்டை போட நினைப்பவருக்கும் பிடி கிடைக்கும்.

குறிப்பெடுக்க போன் வேண்டாம். இருட்டில் போன் வெளிச்சம் நடிகருக்குக் கண்ணில் குத்தும், பக்கத்தில் இருப்பவருக்கும்தான். சின்ன நோட்டு, பென்சில் போதும். பனியில் பேனா சமயத்தில் எழுதாது. பக்கத்துக்கு ஒரே விஷயம், பெரிய எழுத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் காலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நீங்கள் எழுதியது உங்களுக்கே புரியாது. வீட்டுக்கு வந்ததும் படுக்கும் முன் பத்து வரி எழுதிவிடுங்கள். அருமை, பிரமாதம், தத்ரூபம், வாழ்ந்து காட்டினார் ஆகிய நால்வரையும் ஆறு மாதம் சம்பளமில்லாத லீவில் அனுப்பிவிடுங்கள்.

படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். எந்த வகை நாடகத்துக்கு எந்த அளவுகோல் என்று தெரிந்தால் போதும். 1977-இல் உங்கள் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. இராமானுஜம் முன்னின்ற நாடகப் பயிலரங்கு நடந்தது. அதே வருடம் சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை, மறு வருடம் ஞாநியின் பரீக்‌ஷா, மதுரையில் மு. ராமசுவாமியின் நிஜ நாடக இயக்கம் என்று நாடகக் குழுக்கள் தொடங்கின. நாம் நவீன நாடகம் என்று சொல்வது தமிழில் வேர்பிடித்தது ஏறக்குறைய அந்த இரண்டு வருடங்களில்தான். அங்கே உடம்பு பேசும், மௌனம் பேசும், கதை சில சமயம் பேசாது. புரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். எந்த இடம்வரை புரிந்தது, எங்கே கை நழுவியது என்று எழுதுங்கள். சபா நாடகம் வேறு. அங்கே ஜோக்குக்கும் சிரிப்புக்கும் நடுவில் நடிகர் எத்தனை நொடி காத்திருக்கிறார் என்று பாருங்கள். ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றித்தான் மேலே பேசிவிட்டோமே.

கடைசி பஸ்ஸுக்கு வருகிறேன். இதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. பல வருடங்களுக்கு முன் மதுரையில் ஒரு நவீன நாடகம். ஒரு வீடு, நாலு ஆண்கள், ஒரு பெண். ஆண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவள் தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். தொடங்கியதே முக்கால் மணி தாமதம். பஸ்ஸை விட்டால் பெருமாள்மலைக்குக் காலையில்தான் என்று முடிவதற்கு முன்பே எழுந்து ஆரப்பாளையத்துக்கு ஆட்டோ பிடித்தேன். மறுநாள் உட்கார்ந்து, பெண்ணுக்கு ஒரு வார்த்தைகூடக் கொடுக்காத நாடகம் என்று வீராவேசமாக எழுதினேன். அச்சாகி வந்ததும் அந்தக் குழுவிலிருந்து ஒரு தபால் கார்டு: “கடைசிப் பத்து நிமிடம் அவள் மட்டும்தான் பேசுகிறாள். நீங்கள் எழுந்து போனதை மேடையிலிருந்து பார்த்தோம்.” திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முடிவுவரை உட்கார முடியாவிட்டால் எழுதாதீர்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால் எங்கே எழுந்தீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால், நாடகத்தை முழுக்கப் பார்த்துவிட்டு வத்தலக்குண்டு வரைக்குமாவது வந்துவிட்டு, மலை பஸ் கிளம்பும்வரை டீக்கடை பெஞ்சில் உட்காருங்கள். நான் எழுதியதில் தேறியதெல்லாம் அந்த பெஞ்சில் எடுத்த குறிப்புகளிலிருந்து வந்தவை. துணைக்கு ஆள் இருந்தால் நல்லது, அல்லது மாலைக் காட்சியாகத் தேர்ந்தெடுங்கள்.

சீரியலுக்கு வருவோம். ஞாயிறு ஒரு நாளை விட்டுவிட்டால்கூட வருடத்துக்கு முந்நூறு எபிசோட் ஓடும். எல்லாவற்றையும் பார்த்து யாராலும் எழுத முடியாது. அப்படி எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. நான் செய்வது இது: முதல் வாரம் முழுக்க, இப்போது ஓடும் இரண்டு வாரம் விடாமல், நடுவில் கல்யாணமோ சாவோ வந்த ஒரு வாரம். எதைப் பார்த்தேன் என்று கட்டுரையிலேயே சொல்லிவிடுவேன். ஸ்பெஷல் நாடகத்தை விட்டுவிட்டால், நாடகம் மேடையேறும்போது பெரும்பாலும் எழுதி முடிந்திருக்கும். சீரியல் ஓட ஓட எழுதப்படுகிறது. எத்தனை பேர் எந்தத் தொடரைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) நிறுவனத்தின் ரேட்டிங் வாராவாரம் வருகிறது. புள்ளி இறங்கினால் மாமியாருக்குத் திடீரென்று நெஞ்சுவலி வரும், வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒரு தங்கை வந்து இறங்குவாள். கதை திரும்பிய இடத்தைக் கண்டுபிடித்து, அது கதைக்குத் தேவைப்பட்டதா, ரேட்டிங்குக்குத் தேவைப்பட்டதா என்று யோசிப்பது விமர்சகரின் வேலை.

ஒரே ஒரு எபிசோடை எடுத்து, பேப்பரில் நடுவில் கோடு போடுங்கள். புதிதாக ஏதாவது தெரியவந்த நேரம் இடப்பக்கம்; முகங்களைக் காட்டிய நேரம், நேற்றைய காட்சியையே திரும்பப் போட்ட நேரம் வலப்பக்கம். போன மாதம் நான் பார்த்த ஒன்றில் மருமகள் ஒரு கடிதத்தைப் பிரித்தாள். ஆறு பேர் அதிர்ந்தார்கள். ஒவ்வொருவரும் மூன்று தடவை. கடிதத்தில் என்ன இருந்தது என்று திங்கட்கிழமைதான் தெரிந்தது. இந்தக் கணக்கை எழுதினாலே பாதி விமர்சனம் முடிந்துவிடும். கிண்டலோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த வீட்டில் யார் உட்கார்ந்து பேசுகிறார்கள், யார் நின்றுகொண்டே பேசுகிறார்கள், சமையலறைக்கு ஆண் வந்தால் எதற்காக வருகிறான் என்று பாருங்கள். ஊரே சீரியல் பார்க்கிறது; சீரியலில் வருகிறவர்கள் மட்டும் சீரியல் பார்ப்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா?

மூலம் எது என்றும் விசாரியுங்கள். 2020-இல் தொடங்கிய ‘பாக்கியலட்சுமி’ வங்காளத்தில் வந்த ‘ஸ்ரீமயி’யின் தமிழ் வடிவம், இந்தியின் ‘அனுபமா’வுக்கும் மூலம் அதுதான். இது தெரியாமல் கதையின் துணிச்சலைப் பாராட்டினால், பாராட்டு தவறான முகவரிக்குப் போய்விடும். தெரிந்தால், தமிழுக்கு வரும்போது அந்த இல்லத்தரசியிடம் எதைக் கூட்டினார்கள், எதைக் குறைத்தார்கள் என்று எழுதலாம். அது சுவாரசியமான கட்டுரையாக இருக்கும்.

தெரிந்தவர் நடித்தால் என்ன செய்வது? மலை ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள்தான். டிக்கெட் போட்டிருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். உறவோ நட்போ இருந்தால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பிறகு மேடையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். ‘அவருக்கு நடிக்க வராது’ என்றால் சண்டை. ‘மூன்றாவது வரிசைக்குப் பின்னால் அவர் குரல் கேட்கவில்லை’ என்றால், அடுத்த முறை அவர் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார். உங்களோடு பேசுவாரா என்பது வேறு விஷயம். பள்ளி ஆண்டுவிழா நாடகத்தை மட்டும் தொடாதீர்கள், முக்கியமாக உங்கள் பள்ளியினுடையதை.

முதல் இதழுக்கு வள்ளி திருமணத்தையே கொடுங்கள். நான்கு வாக்கியத்தையும் அடித்துவிட்டு நாய் மேடையேறிய இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். கவணை ஓங்கியதும் அது இறங்கி ஓடியதா, மைக்குக்கு முன்னாலேயே படுத்துக்கொண்டதா? போனில் கேட்க மறந்துவிட்டேன்.